வால் வேறு, சங்கிலி வேறு: பத்து வருடமாக என்னிடம் இருக்கும் டாரோட் கட்டு

டெவில் சீட்டு விழுந்ததும், டாரோட் என்ற படச் சீட்டுகளை வைத்துக் குறி சொல்லும் அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அதை என் பக்கம் திருப்பி வைத்து, "பேராசை மேடம். இதை விட்டுடுங்க. விட்டாத்தான் நிம்மதி" என்றார். அரை மணி நேர ரீடிங். நான் கொண்டுபோன கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆறு வருடமாக ஒரு பொறுப்புக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்கிறேன், இன்னும் காத்திருக்கலாமா? பதில் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. சீட்டில் என்ன வரைந்திருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கொம்பும் வவ்வால் சிறகும் கண்ணில் பட்டதுமே பார்வையை எடுத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. சீட்டைப் பார்த்த பயம் வீட்டுக்கு வருவதற்குள் போய்விட்டது. அந்தச் சொல்தான் போகவில்லை. என்னுடையதா பேராசை?

மறுவாரமே சொந்தமாக ஒரு கட்டு வாங்கினேன். ரைடர்–வெயிட்–ஸ்மித். அதை வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. 78 சீட்டைப் பற்றியும் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இந்தக் கட்டு ஆசை என்ற ஒன்றை எப்படி வரைந்திருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு அதிலேயே பதிலும் இருக்கிறது.

என் தொழில் பிழை திருத்துவது. அச்சுக்குப் போகும் பக்கங்களில் விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய காற்புள்ளி, தவறான சொல், இவற்றைத் தேடியே இருபது வருடமாகக் கண்ணைப் பழக்கியிருக்கிறேன். சீட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வருங்காலத்தை இது சொல்லுமா என்று கேட்டால், எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு படத்தை நிதானமாகப் பார்த்தால், கேள்வியில் நான் கவனிக்காமல் விட்ட இடம் தெரியவரும். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு திருத்தம். இந்தக் கட்டை நெடுங்காலம் 'ரைடர்–வெயிட்' என்றுதான் அழைத்தார்கள். ரைடர் என்பது 1909 டிசம்பரில் லண்டனில் இதை வெளியிட்ட வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற பதிப்பகம். வெயிட் என்பது எந்தச் சீட்டில் என்ன வரவேண்டும் என்று வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட். ஒவ்வொரு சீட்டையும் உட்கார்ந்து வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அவர் பெயர்தான் விட்டுப்போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞருக்கு எழுதிய கடிதத்தில், மிகச் சிறிய தொகைக்குப் பெரிய வேலை ஒன்றை இப்போதுதான் முடித்தேன் என்று ஸ்மித் சொல்கிறார். அந்தப் பெரிய வேலைதான் உலகத்திலேயே அதிகம் புழங்கும் டாரோட் கட்டாக ஆனது. அவரோ 1951ல் வறுமையில் இறந்தார். ஆனால் சீட்டின் ஓரத்தில், பாம்பு நெளிவதுபோல் தன் முதலெழுத்துகளைப் பின்னிக் கையெழுத்து வைத்திருக்கிறார். புதிதாக வாங்குபவர்கள் முதல் நாள் செய்யவேண்டியது அந்தக் கையெழுத்தைத் தேடிப் பார்ப்பதுதான் என்பேன். அதைத் தேடத் தெரிந்த கண்ணுக்கு மற்றவையும் தெரிய ஆரம்பிக்கும்.

இனி டெவில். மேஜர் அர்க்கானா எனப்படும் முதன்மைச் சீட்டுகளில் 15ஆவது. கறுப்புப் பின்னணி. ஒரு சிறிய பீடத்தின்மேல் கொம்பு வைத்த உருவம் குந்தியிருக்கிறது. வலது கை உயர்ந்திருக்கிறது, இடது கையில் தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம். தலைக்கு மேல் தலைகீழான ஐந்துமுனை நட்சத்திரம். கீழே, பீடத்தின் இரு பக்கமும் ஆடையில்லாமல் ஒரு பெண்ணும் ஓர் ஆணும். இருவருக்கும் சிறு கொம்புகள் முளைத்திருக்கின்றன. இருவர் கழுத்திலும் சங்கிலி. அது பீடத்தில் பதித்த ஒரு வளையத்தில் போய் மாட்டியிருக்கிறது.

பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் சில வருடம் இத்தோடுதான் நின்றேன். ஒரு மழைநாளில் மின்சாரம் போய், மேசை விளக்குக்குப் பதில் கைவிளக்கை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் சங்கிலியின் அளவு கண்ணில் பட்டது. அது கழுத்தை இறுக்கவேயில்லை. மாலைபோலத் தளர்ந்து தொங்குகிறது. தலை வழியாகத் தூக்கி எடுத்துவிடலாம். கைகளும் சும்மாதான் இருக்கின்றன. மார்சேய் என்ற பழைய டாரோட் கட்டின் டெவில் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். அதில் இரண்டு குட்டிப் பேய்கள் கழுத்தில் கயிறோடு, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும். ஸ்மித் அந்தக் கைகளை முன்னால் கொண்டுவந்து விடுவித்துவிட்டார். கட்டப்பட்டவர்களின் கை அவிழ்ந்திருக்கிறது, சங்கிலி தளர்ந்திருக்கிறது, இருந்தும் அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். இந்தச் சீட்டு கேட்கும் கேள்வி இதில்தான் இருக்கிறது.

தளர்ந்த சங்கிலியைப் பற்றி டாரோட் பழகியவர்கள் பலரும் சொல்வார்கள். நான் சொல்லவந்தது அதற்கு அடுத்தது. வால்.

அந்தப் பெண்ணுக்கும் ஆணுக்கும் வால் இருக்கிறது. பெண்ணின் வால்நுனியில் ஒரு திராட்சைக் கொத்து. ஆணின் வால்நுனியில் தீச்சுடர். மேலே இருப்பவனின் பந்தம் அந்தச் சுடருக்கு நேராகத் தாழ்ந்திருக்கிறது. வெயிட் தன் விளக்கத்தில் வால் என்பது விலங்கியல்பைக் குறிக்கிறது என்கிறார். அவர் வகுத்த சீட்டுதான்; ஆனாலும் இதில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த விலங்கின் வாலில் பழம் காய்க்கிறது? கொத்தாகப் பழுத்திருக்கும் ஒன்றை விலங்கு என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது செடியின் வேலை. உள்ளே ஓடும் சாறு வெளியே கனியாகும் வேலை. தீச்சுடரும் அப்படித்தான்: தன் உடம்பிலிருந்தே எரியும் ஒன்று.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சங்கிலி வெளியிலிருந்து போடப்பட்டது, கழற்றலாம். வால் உடம்பிலிருந்து முளைத்தது, கழற்ற முடியாது. ஆசை எது, அடிமைத்தனம் எது என்று ஸ்மித் தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறார். "இதை விட்டுடுங்க" என்று எனக்குச் சொன்னவர் வாலை வெட்டச் சொன்னார். வெட்டவேண்டியது எதுவுமே அந்தச் சீட்டில் இல்லை. கழற்றவேண்டியது ஒன்றுதான் இருக்கிறது.

இதை நான் இட்டுக்கட்டவில்லை என்பதற்கு அந்தக் கட்டிலேயே சாட்சி உண்டு. 6ஆவது சீட்டான லவர்ஸை, அதாவது காதலர்களை, எடுத்து டெவிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதே அமைப்பு. மேலே சிறகு விரித்த தேவதை, கீழே ஆடையில்லாத ஆணும் பெண்ணும். எண்கூட 1, 5 கூட்டினால் 6 வருகிறது. பெண்ணுக்குப் பின்னால் பழம் காய்த்த மரம், அதில் பாம்பு சுற்றியிருக்கிறது. ஆணுக்குப் பின்னால் இலைக்குப் பதில் சுடர்கள் எரியும் மரம். அந்தப் பழமும் அந்தச் சுடரும்தான் டெவில் சீட்டில் வால்நுனிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. லவர்ஸில் ஆசை முதுகுக்குப் பின்னால் மரமாக நிற்கிறது. டெவிலில் அது உடம்போடு ஒட்டிவிட்டது. கெட்டது நடந்த கதையாக மட்டும் இதைப் படிக்கவேண்டியதில்லை. ஆசைப்பட்ட ஒருவர் ஆசைப்படாதவராக மறுபடி ஆக முடியாது. அது அவர் அங்கமாகிவிட்டது. அதன்பிறகு எப்படி நிற்பது என்பதுதான் பேச்சு.

லவர்ஸ் சீட்டின் பார்வைகளையும் கவனிக்கவேண்டும். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண் மேலே தேவதையைப் பார்க்கிறாள். விரும்புகிறவன் விரும்பப்படுகிறவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் வேறெதையோ பார்க்கிறாள். யாரையாவது நேசித்த எவருக்கும் இந்தக் கோணல் தெரியும். மார்சேய் கட்டில் இதே சீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் இளைஞன் நிற்பான், மேலே மன்மதன் அம்பைக் குறிபார்ப்பான். அங்கே ஆசை என்பது யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற தவிப்பு. இங்கே அது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற தவிப்பு. எனக்கு இரண்டாவதுதான் ஆழமாகப் படுகிறது.

டாரோட் ஆதியில் குறி பார்க்கும் கருவியே கிடையாது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. 1781ல் பாரீஸில் கூர் த ஜெபலின் என்பவர் இது பண்டைய எகிப்தின் ஞானம் என்று எழுதிய பிறகுதான் குறி சொல்லும் மோகம் பரவியது. எகிப்து என்பதற்கு ஆதாரம் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் மிலானின் ஆட்சிக் குடும்பத்துக்காகத் தங்கப் பூச்சோடு தீட்டிய விஸ்கொன்டி–ஸ்ஃபோர்ட்ஸா கட்டில் இன்று 74 சீட்டு எஞ்சியிருக்கிறது. காணாமல்போன நான்கில் டெவிலும் ஒன்று. பயந்து எறிந்துவிட்டார்களோ என்று முதலில் தோன்றும். ஆனால் வாள் வரிசையின் மூன்றாம் சீட்டும் காசு வரிசையின் வீரனும்கூட இல்லை, அவற்றுக்கு யாரும் பயப்பட்டிருக்க மாட்டார்கள். இதைச் சொல்லக் காரணம், சீட்டின் பொருளைக் கல்வெட்டுபோல் ஒப்பிப்பவர்களிடம் ஏமாறவேண்டாம் என்பதற்குத்தான். நம் கையில் இருப்பது படம். படத்தைப் பார்க்காத பொருளுக்கு மதிப்பில்லை.

கட்டோடு வரும் சிறு கையேட்டிலும் இதே குறை. என் பிரதியில் டெவிலுக்கு வெயிட் தந்த பொருள்கள்தான் சுருக்கமாக இருக்கின்றன: அழிவு, வன்முறை, ஆவேசம், அசாதாரண முயற்சி, விதி. ஆசை என்ற சொல்லே இல்லை. விதிக்கப்பட்டது என்பதாலேயே அது தீயது ஆகிவிடாது என்ற ஒரு வரி மட்டும் ஆறுதல். ஆனால் அவரே விரிவாக எழுதிய விளக்கத்தில், கட்டுண்ட இருவரின் முகத்திலும் மனித அறிவு இருக்கிறது, மேலே இருப்பவன் என்றைக்கும் அவர்களுக்கு எஜமானனாக இருக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவு நல்ல வாக்கியத்தைக் கையேட்டில் சேர்க்காமல் விட்டது பெரிய பிழை. நான் அதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

இங்கே தமிழ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லவேண்டும். ஆங்கில விளக்கங்கள் ஒரே சொல்லை எல்லாச் சீட்டுக்கும் போட்டுவிடுகின்றன. நமக்கோ விருப்பம் வேறு, வேட்கை வேறு, மோகம் வேறு, சபலம் வேறு, ஏக்கம் வேறு, பற்று வேறு, நப்பாசை வேறு. சீட்டு விழுந்ததும் இவற்றில் எது என்று கேட்டுப் பார்க்கிறேன். சொல் சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கட்டின் நான்கு வரிசைகளில் ஒன்றான கோப்பை வரிசையில் இது மிக நன்றாகப் பொருந்துகிறது. இந்தக் கட்டில் ஆசையின் வரலாறே அந்த வரிசைதான்.

கோப்பை நான்கில் ஓர் இளைஞன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். முன்னால் மூன்று கோப்பை. மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது. அவன் நிமிரவில்லை. இதற்குச் சலிப்பு என்று பெயர் வைக்கலாம். கோப்பை எட்டில் ஒருவன் அடுக்கிவைத்த எட்டையும் விட்டுவிட்டுக் கோலூன்றி மலைப்பக்கம் நடக்கிறான். மேல் அடுக்கில் ஒரு கோப்பைக்கு இடம் காலியாக இருக்கிறது. எட்டு இருந்தும் அந்த ஓர் இடைவெளிக்காகப் போகிறவன் அவன். ஏக்கம் என்பதைவிட நல்ல சொல் இதற்கு எனக்குக் கிடைக்கவில்லை.

கோப்பை ஏழைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கரிய நிழலுருவம் ஒன்று நமக்கு முதுகு காட்டி நிற்கிறது. எதிரே மேகத்தில் ஏழு கோப்பை. ஒன்றில் ஒரு முகம், ஒன்றில் பாம்பு, ஒன்றில் கோட்டை, ஒன்றில் நகைகள், ஒன்றில் வெற்றி மாலை, ஒன்றில் டிராகன். நடுவில் ஒன்றில், துணி போர்த்திய ஓர் உருவம் கைகளை விரித்து நிற்கிறது, சுற்றிலும் ஒளி. வெற்றி மாலை இருக்கும் கோப்பையின்மேல் மண்டை ஓடு ஒன்று மங்கலாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வயதில் மிக இளையவள், ஒரு மாலை வந்து, "எனக்கு என்ன வேணும்னே தெரியல அக்கா. எல்லாரும் கேக்கறாங்க. என்ன சொல்றது?" என்றாள். கட்டைக் கலைத்து, சீட்டை அவளே வெட்டட்டும் என்றேன். கோப்பை ஏழு வந்தது. பொருள் எதையும் சொல்லவில்லை. "எதைப் பார்க்கிறே?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் கழித்துத் துணி போர்த்திய உருவத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது மட்டும்தான் என்னன்னு தெரியல. அதனாலதான் இதையே பார்க்கறேன்."

"துணியை எடுத்தா என்ன இருக்கும்?"

அதற்கும் நேரம் ஆனது. பிறகு சொன்னாள்: "ஒரு ரூம். உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டது. எனக்கு மட்டும்."

அவள் கண் கலங்கியிருந்தது. படிப்பு, கல்யாணம், வெளிநாடு என்று எல்லோரும் அவள் முன்னால் கோப்பைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாள். அந்த உருவத்தைத் துணியால் மூடி வரைந்த ஸ்மித்தை அன்றைக்கு நன்றியோடு நினைத்துக்கொண்டேன். முன்பு அவர் நாடக அரங்குகளுக்காகவும் வேலை செய்தவர். எதைத் திரைக்குப் பின்னால் வைக்கவேண்டும் என்று தெரிந்த கை.

கோப்பை ஒன்பது 'ஆசைச் சீட்டு' என்று பெயர் பெற்றது. அது விழுந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். சிவப்புத் தொப்பி வைத்த ஒரு மனிதர் பலகையில் கைகட்டி, திருப்தியாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நீலத் துணி விரித்த வளைந்த மேடையில் ஒன்பது கோப்பை வரிசையாக இருக்கின்றன. கோப்பைகளுக்கு அவர் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. நிறைவேறிய ஆசை பின்னால் அலங்காரமாகப் போய்விட்டது. அவர் இப்போது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாம் அவற்றைப் பார்க்கிறோமா என்று. இந்தப் படம் பொருள் சார்ந்த பக்கத்தை மட்டும் காட்டுகிறது, வேறு பக்கங்களும் உண்டு என்று வெயிட்டும் எழுதியிருக்கிறார். ஆசைச் சீட்டு என்று கொண்டாடுபவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

ஸ்ட்ரெங்த், அதாவது வலிமை, சீட்டையும் விட மனமில்லை. ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் பிடித்திருக்கிறாள். சிங்கம் பூச்சங்கிலியால் நடத்தப்படுகிறது என்கிறார் வெயிட். இந்தக் கட்டில் சங்கிலிகள் இரண்டு வகை: ஒன்று இரும்பு, ஒன்று பூ. தோத் என்ற இன்னொரு டாரோட் கட்டில் இதே சீட்டுக்கு லஸ்ட், அதாவது காமம், என்றே பெயர் மாற்றியிருக்கிறார் அதை வகுத்த அலெஸ்டர் கிரவ்லி. ஏழு தலைச் சிங்கத்தின்மேல் ஒரு பெண் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள், ஒரு கையில் கடிவாளம், ஒரு கை கோப்பையை உயர்த்துகிறது. 1938 முதல் 1943 வரை ஃப்ரீடா ஹாரிஸ் தீட்டிய ஓவியங்கள். முழுக் கட்டாக வெளிவந்தது 1969ல், இருவரும் இறந்த பிறகு. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அங்கே ஆசை கொண்டாட்டமாக, மாபெரும் சக்தியாக வருகிறது. என்னைப்போல் ஒரு சின்ன ஆசையை மடியில் வைத்துக்கொண்டு வெட்கப்படுகிறவர்களுக்கு அதில் உட்கார இடமில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப ஸ்மித்திடமே வருகிறேன்.

இனி வாங்குபவர்களுக்குச் சில விஷயம். ஸ்மித் இறந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டதால் 2022 முதல் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இந்த ஓவியங்களுக்குப் பதிப்புரிமை முடிந்தது. இப்போது பல பேர் அச்சடிக்கிறார்கள். என்னிடமே மூன்று பிரதி சேர்ந்துவிட்டது. முதலாவது முழு அளவு, ஏறக்குறைய 70 மில்லிமீட்டர் அகலம், 120 மில்லிமீட்டர் உயரம். இரண்டாவது பயணத்துக்கென்று வாங்கிய தகரப் பெட்டிக் கட்டு. உள்ளங்கையில் அடங்கும், கலைக்கவும் சுகம். ஆனால் அதில் திராட்சைக் கொத்து ஒரு கறைபோல் ஆகிவிட்டது. சங்கிலி கழுத்தை ஒட்டியதுபோல் தெரிகிறது. அந்தக் கட்டை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு டெவில் வெறும் சிறைதான். மூன்றாவது ஒரு மலிவு நகல். கோடுகள் தடித்துப்போய், ஓரத்துக் கையெழுத்தையும் அழித்துவிட்டார்கள். அதைத் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும், சோம்பலில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே வாங்குமுன் ஒரே ஒரு சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டெவிலில் சங்கிலிக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி தெரியவேண்டும். வால்நுனியில் திராட்சை தனித்தனிக் கனியாகத் தெரியவேண்டும். தெரிந்தால் வாங்கலாம். பளபளப்புப் பூச்சு உள்ள பதிப்பு விளக்கு வெளிச்சத்தில் கூசும், புதிதில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். மங்கலான பூச்சே கண்ணுக்கு நல்லது. கை சிறியவர்களுக்கு முழு அளவைக் கலைப்பது சிரமம்தான். நான் மேசையில் பரப்பி, இரு கையாலும் துழாவிக் கலைக்கிறேன்.

கட்டின் மீதே எனக்கு உள்ள வருத்தத்தையும் மறைக்கக் கூடாது. இதில் எல்லா உடம்பும் வெளுத்த ஐரோப்பிய உடம்பு. காதல் என்றால் ஆணும் பெண்ணும் மட்டும். ஆசைக்குத் தண்டனை உண்டு என்ற ஏதேன் தோட்டத்துக் கதை அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தன் உடம்பை, தன் காதலை இதில் காணாதவர்கள் புதிய கட்டுகளைத் தேடிப் போவது நியாயமானது. அப்படிப் போகிறவர்கள் டெவில் சீட்டை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல புதிய கட்டுகளில் சங்கிலி இருக்கிறது, வாலை எடுத்துவிட்டார்கள்.

என் கேள்விக்கு வருகிறேன். ஆறு வருடம் நான் ஆசைப்பட்டது, ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் பொறுப்பில் கொண்டுவரும் வேலைக்கு. கைவிளக்கு வெளிச்சத்தில் சங்கிலியைப் பார்த்த அன்று ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்தேன். வால் பக்கத்தில் எழுதியது: புத்தகம் செய்யவேண்டும். சங்கிலி பக்கத்தில் எழுதியது: மேலதிகாரி கூப்பிட்டால் இரவு எட்டு மணிவரை இருப்பது, ஒவ்வொரு வருடமும் இந்த முறை கொடுத்துவிடுவார் என்று எண்ணுவது, வாய்விட்டுக் கேட்காமலே இருப்பது. வலப்பக்கம் முழுவதற்கும் ஒரு சொல்தான் பொருந்தியது. நப்பாசை. இடப்பக்கத்துக்கு வேட்கை. பேராசை எந்தப் பத்தியிலும் வரவில்லை. அந்த அம்மா சொன்ன சொல்லை அடித்துவிட்டுத் திருத்தம் போட்ட நாள் அது.

அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்டேன். இல்லை என்றார்கள். பிழை திருத்துவதில்தான் நான் கெட்டிக்காரி, அதிலேயே இருப்பது நல்லது என்றார்கள். வலித்தது. ஆனால் எட்டு மணிவரை உட்காருவதை அன்றோடு விட்டேன். அந்த மாலைகளில், தன் தாயாரின் நாட்குறிப்பை நூலாக்க விரும்பிய ஒருவருக்காக 64 பக்கம் செய்து முடித்தேன். எழுத்துரு, ஓரவெளி, அட்டை எல்லாம் நான்தான். நூறு பிரதி. இரண்டாவது நூல் இப்போது மேசையில் இருக்கிறது.

டெவில் சீட்டை அதன் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். இடது கீழ் ஓரம், திராட்சை இருக்கும் இடம், என் கட்டைவிரல் பட்டுப் பட்டு நிறம் மங்கிவிட்டது.